வெளிர்நீலப் பிளம்பாகோ வளர்க்கலாம் வாங்க
வேலியோரத்துக்குச் செடி தேடுகிறீர்களா? வெளிர்நீலப் பிளம்பாகோவைத் தயங்காமல் வாங்குங்கள். தென்னாப்பிரிக்கச் செடி, நம்மூர் கொடிவேலி மூலிகைச் செடிக்கு உறவு, வேர் பிடித்துவிட்டால் வறட்சியையும் தாங்கும். நர்சரியில் பூவைப் பார்த்து எடுக்காமல், அடியிலிருந்தே நாலைந்து கிளை விட்டிருப்பதாகப் பார்த்து எடுங்கள். நல்ல வெயில், தண்ணீர் தேங்காத மண், கொஞ்சம் தொழுவுரம் போதும்.

புதுத் தளிரின் நுனியில்தான் பூ வரும் என்பதால், ஒரு சுற்று பூத்து முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனால் வெட்டாமல் விட்டால் குச்சி குச்சியாக நீண்டு சாய்ந்துவிடும். சாறு சிலருக்குத் தோலில் எரிச்சல் தரும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், பூவின் அடியில் பிசுபிசுவென்றிருக்கும் மயிர்கள் துணியில் ஒட்டிக்கொள்ளும், அதனால் நடைபாதையிலிருந்து இரண்டடி தள்ளியே நடுங்கள்.