கோழிக்குச் சளியா? மெடிக்கலுக்கு ஓடும் முன்

வீட்டுக் கோழி தும்ம ஆரம்பித்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். மெடிக்கலில் ஒரு கேப்சூல் வாங்கி, பிரித்துத் தண்ணீரில் கலக்கி வைப்பார்கள். பிழைத்தால் மருந்தின் மகிமை, செத்தால் கோழியின் விதி.

மூக்கு ஒழுகுவது பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. வெள்ளைக் கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோயிலும் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அது வைரஸ், எந்த ஆன்டிபயாடிக்கும் அதைத் தொடாது. கோரைசா வந்தால் முகம் வீங்கி, கண் மூடி, மூக்கில் வடிவது நாறும். இது பாக்டீரியா. வாரக்கணக்கில் கொரகொரவென்று இழுத்துக்கொண்டே இருந்தால் மைக்கோபிளாஸ்மாவாக இருக்கலாம். இந்தக் கிருமிக்குச் செல்சுவரே கிடையாது. செல்சுவரை உடைத்துக் கிருமியைக் கொல்லும் அமாக்சிசிலின் போன்ற மருந்தை எவ்வளவு கொடுத்தாலும் பயன் இல்லை. குஞ்சுகள் மட்டும் மூச்சுத் திணறினால், கீழே பரப்பிய உமியில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆகவே மருந்துக்கு முன் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒரு கோழிக்கா, கூட்டத்துக்கேவா? எச்சம் பச்சையாகவோ வெள்ளையாகவோ போகிறதா? கழுத்து திருகுகிறதா, இறக்கை தொங்குகிறதா? டாக்டர் கேட்கப்போவதும் இதைத்தான். கொண்டை நீலம் பாய்ந்து பல கோழிகள் திடீரென்று செத்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். வெறும் கையால் தொடாமல், அறுக்காமல், கால்நடைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தாலும் தவறுக்கு இடம் இருக்கிறது. இரண்டு நாளில் தெளிந்ததும் நிறுத்துவது ஒன்று. மருந்து ஓடும்போதே முட்டையை ஆம்லெட் போடுவது இன்னொன்று. எத்தனை நாள் முட்டையும் கறியும் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய டப்பாவில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் கிடந்தால் எடுக்காதீர்கள், கோழிக்கு அதைக் கொடுக்க 2019-லேயே தடை வந்துவிட்டது.

கஷாயமோ மருந்தோ, அலகைப் பிளந்து மடமடவென்று ஊற்றுவதும் ஆபத்து. கோழியின் மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஊற்றியது நேரே நுரையீரலுக்குப் போகும். கோழிக்கு உதரவிதானமும் கிடையாது. நெஞ்சை அசைத்துத்தான் மூச்சு விடும். இறுக்கிப் பிடித்தால் திணறிவிடும்.

"தடுப்பூசி போட்டதும் செத்துப்போச்சு" என்ற புலம்பல் ஊர்தோறும் உண்டு. பெரும்பாலும் நோய் உள்ளே நுழைந்த பிறகு ஓடிப்போய்ப் போட்டதாக இருக்கும். தடுப்பூசி நல்ல உடம்புக்கு. வெள்ளைக் கழிச்சலுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமையும் விட்டுவிடக் கூடாது. குடிநீரில் கலக்கும் தடுப்பூசி என்றால் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் அதைச் செல்லாக்காசாக்கிவிடும். ஐஸ் இல்லாமல் வெயிலில் பஸ் ஏறி வந்த மருந்தும் அப்படித்தான். சொட்டு போட்ட சில நாள் குஞ்சு லேசாகத் தும்முவது உண்டு, பதறி அதற்கும் மாத்திரை கொடுக்காதீர்கள்.

ஐப்பசி மழையில் குளிரும் என்று கூட்டைச் சாக்கால் முழுக்க மூடுவது அன்பில் செய்யும் தப்பு. ஈர எச்சத்திலிருந்து வரும் அமோனியா மூச்சுக்குழலைப் புண்ணாக்கி நோய்க்கு வழி விடும். குனிந்து பாருங்கள், உங்கள் கண் எரிந்தால் கோழிக்கும் எரிகிறது. காற்று வீசும் பக்கம் மட்டும் மூடி, மேலே இடைவெளி விட்டு, ஈரக் கூளத்தை அள்ளிவிட்டால் போதும்.

சந்தையில் வாங்கிய கோழியை அன்று மாலையே கூட்டத்தில் விடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் தனியாக இருக்கட்டும். தீவனம் வைக்கும்போது நல்ல கோழிக்கு முதலில், சீக்குக் கோழிக்குக் கடைசியில். கோரைசாவும் மைக்கோபிளாஸ்மாவும் தேறிய பிறகும் உடம்பில் தங்கிப் பரவும். மைக்கோபிளாஸ்மா முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும், அந்தப் பெட்டையின் முட்டையை அடைவைக்க வேண்டாம். சீக்குக் கோழியைச் சந்தையில் தள்ளிவிடும் சாமர்த்தியத்தைப் பற்றி நான் நல்லதாக எதுவும் சொல்வதற்கில்லை.

அவசரத்துக்குக் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-ஐ அழைக்கலாம். கோழி செத்துப்போனால் உடனே புதைத்துவிடாமல், பிரேதப் பரிசோதனை செய்ய முடியுமா என்று கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். மீதிக் கூட்டத்துக்கு என்ன மருந்து என்பது அதில்தான் தெரியவரும். உடலைக் கையுறை போட்டு இரண்டு பையில் கட்டி, ஐஸ் வைத்து அன்றே கொண்டுபோக வேண்டும். ஃப்ரீசரில் வைத்து உறைய விட்டால் உள்ளுறுப்புகளைப் பார்த்து நோயைச் சொல்வது கடினம்.