180 ரூபாய் காபி பீட்டரைச் சோதித்து வாங்குவது எப்படி

என் மனைவிக்கு வலது தோள்பட்டை இறுகிப்போய் ஐந்து மாதம் ஆகிறது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. அவளை அதிகம் வருத்தியது காபிதான். டம்ளரை உயரத் தூக்கி டபராவில் ஆற்றினால்தானே நுரை? எனக்கு அந்தக் கைவாகு இல்லை. "என்னங்க, வெறும் தண்ணி மாதிரி இருக்குது" என்பாள்.

அதற்காக வேலூர் லாங்கு பஜாரில் பேட்டரியில் ஓடும் காபி பீட்டர் ஒன்று வாங்கினேன், 180 ரூபாய். நுனியில் வளையம் வைத்த கம்பி சுற்றிப் பாலில் நுரை எழுப்பும் கைக்கருவி அது. மூன்றாம் நாளே நின்றுவிட்டது. அடுத்ததை வேறு கடையில் சோதித்து வாங்கினேன். பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் அளந்து பார்ப்பது அங்கே வந்த பழக்கம்.

கடைக்கு இரண்டு புது ஏஏ பேட்டரியைச் சட்டைப் பையில் எடுத்துப் போங்கள். ஆல்கலைன் வகையாக இருக்கட்டும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவு பேட்டரியில் மோட்டாருக்குத் தேவையான மின்சாரம் வராது, சீக்கிரமே சுற்றுவது தளர்ந்துவிடும். "ஒருதரம் போட்டுக் காட்டுப்பா" என்று கேளுங்கள். கம்பி நேராகச் சுற்ற வேண்டும். நுனியிலுள்ள சுருள் வளையம் அகலமாக ஆடினால் கம்பி வளைந்திருக்கிறது என்று பொருள், அதை வாங்க வேண்டாம். பேட்டரி மூடியை நாலைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள். என் முதல் பீட்டரில் பழுதானது அந்த மூடிக்குள் இருக்கும் தகடுதான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பைக் கரைத்து, கம்பியின் வளையம் மட்டும் முழுகும்படி இரவு முழுக்க நிறுத்தி வையுங்கள். காலையில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் அது துருப்பிடிக்கிற இரும்பு, பாலில் விடாதீர்கள்.

அடுத்தது பால். விஷயமே இதில்தான் இருக்கிறது. ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6 சதவீதம். இரண்டையும் காய்ச்சி, 100 மில்லி அளந்து, ஸ்கேல் வைத்து நுரையைப் பார்த்தேன். 60 டிகிரியில் நீல பாக்கெட் பாலில் நுரை மூன்று சென்டிமீட்டர் எழுந்தது. ஆரஞ்சில் இரண்டுதான், ஆனால் குமிழி பொடியாக, நாக்கில் மெத்தென்று இருந்தது. என் மனைவிக்கு ஆரஞ்சுதான் பிடித்தது.

அதே பாலை மேடையில் ஆறவிட்டு 35 டிகிரியில் அடித்தபோது பெரிய பெரிய குமிழியாக வந்து உடனே அடங்கிவிட்டது. காரணம் உண்டு. குமிழியைத் தாங்கி நிற்பது பாலின் புரதம். கொழுப்பு சுமார் 10 முதல் 40 டிகிரி வரை பாதி உருகியும் பாதி உறைந்தும் கிடக்கும், அந்த நிலையில் குமிழியை உடைத்துவிடும். நம் ஊர் வெயிலில் வெளியே வைத்த பால் சரியாக அந்த இடத்தில்தான் நிற்கிறது. ஆகவே ஒன்று, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பால். இல்லை, 60 முதல் 65 டிகிரிச் சூட்டில் பால். பொங்கிய சூட்டோடு அடிக்க வேண்டாம். ஆற்றும்போது நுரையும் வரும், சூடும் தணியும். பீட்டர் சூட்டைத் தணிக்காது. 60 டிகிரி என்றால் அப்படியே குடிக்கலாம். தெர்மாமீட்டர் இல்லையென்றால் எவர்சில்வர் டம்ளரைப் பிடித்துப் பாருங்கள், இரண்டு மூன்று நொடிக்கு மேல் கை தாங்கக் கூடாது. ஏடு இருந்தால் வடிகட்டி எடுத்துவிடுங்கள், கம்பியில் சுற்றிக்கொள்ளும்.

டம்ளரில் பாதிக்கு மேல் பால் வேண்டாம். வளையம் பாலுக்குள் இறங்கிய பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும், நிறுத்திய பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். முதல் பத்து நொடி அடியில் ஓடட்டும். பிறகு டம்ளரைச் சாய்த்து, வளையத்தை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே கொண்டுவாருங்கள். காற்று உள்ளே இழுபடுகிற சத்தம் தனியாகக் கேட்கும். இன்னும் இருபது நொடி போதும். டபராவில் சூடான டிகாக்‌ஷனையும் சர்க்கரையையும் முன்பே கலக்கி வைத்து, அதன்மேல் பாலை ஊற்றுங்கள். டிகாக்‌ஷன் ஊற்றிய பிறகு அடித்த நுரை எங்கள் வீட்டில் அவ்வளவு நேரம் நிற்கவில்லை.

கத்திரி வெயிலில் மோருக்கும் இது உதவும். தயிரில் மூன்று பங்கு தண்ணீர் விட்டுக் கரைத்த பிறகு அடியுங்கள். கெட்டித் தயிரிலோ கூழிலோ விட்டால் மோட்டார் திணறிச் சூடாகிவிடும். வெண்ணெய் எடுக்க மத்துதான்.

கழுவும்போது குழாயடியில் காட்டக் கூடாது, தண்ணீர் மோட்டாருக்குள் போய்விடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஐந்து நொடி, நல்ல தண்ணீரில் ஐந்து நொடி ஓட்டினால் சுத்தம். ஊருக்குப் போகும்போது பேட்டரியைக் கழற்றி வையுங்கள், கசிந்தால் தகடு அரித்துப்போகும்.

இப்போது பாலைக் காய்ச்சி டம்ளரில் ஊற்றுவது மட்டும்தான் என் வேலை. பீட்டரை இடது கையில் பிடித்துக்கொண்டு நுரையை அவளே எழுப்புகிறாள்.