பாட்டை விற்றுத் தின்னாதீர்கள்: கண்ட்ரி பாடகர்கள் சறுக்கும் இடங்கள்

1950-களின் கடைசியில், டெக்சாஸின் ஹூஸ்டன் நகரத்தில், கண்ட்ரி (அமெரிக்கக் கிராமப்புறத்தில் பிறந்த இசை) பாடகரும் பாட்டெழுதுபவருமான வில்லி நெல்சன் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் திண்டாடிக்கொண்டிருந்தார். கையில் இருந்ததெல்லாம் பாட்டுகள்தான். ‘ஃபேமிலி பைபிள்’ பாட்டை 50 டாலருக்கும் ‘நைட் லைஃப்’ பாட்டை 150 டாலருக்கும் உரிமையோடு மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டார். 1960-ல் கிளாட் கிரே என்பவர் பாடி ‘ஃபேமிலி பைபிள்’ கண்ட்ரி தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்தது. எழுதியவர் என்ற இடத்தில் நெல்சனின் பெயர் இல்லை.

அப்புறம் அவர் கண்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்விலுக்குப் போனார். பழக்கதோஷம், ‘ஹலோ வால்ஸ்’ பாட்டையும் 500 டாலருக்கு விற்கப் பார்த்தார். பாடகர் ஃபரான் யங் வாங்க மறுத்து, பணத்தைக் கடனாகக் கொடுத்தார். 1961-ல் அது யங்கின் குரலில் முதலிடத்துக்குப் போனது. ராயல்டி நெல்சனுக்கே வந்தது. அப்படி ஒரு நல்ல மனிதர் எல்லோருக்கும் எதிரே வந்து நிற்க மாட்டார்.

‘இன்னொரு பாட்டு எழுதிக்கொண்டால் போச்சு’ என்ற நினைப்புதான் இங்கே முதல் தவறு. ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமைகள் உண்டு. வரியும் மெட்டும் சேர்ந்த ‘பாட்டு’ ஒன்று. அதை ஸ்டுடியோவில் பாடிப் பதித்த ‘ஒலிப்பதிவு’ இன்னொன்று. ஒலிப்பதிவு பெரும்பாலும் ரெக்கார்டு கம்பெனியிடம் போய்விடும். பாட்டு எழுதியவருடையது, அவராகக் கொடுக்கும் வரை. அமெரிக்காவில் சாதாரண ஏஎம், எஃப்எம் வானொலி ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்கும் அதன் பதிப்பாளருக்கும் (பாட்டின் உரிமையைக் கவனித்துக்கொள்ளும் நிறுவனம்) பணம் போகும். பாடியவருக்குச் சட்டப்படி ஒரு சல்லிக்காசு கிடையாது. கண்ட்ரி இசை வானொலியை நம்பியே வளர்ந்த இசை. அதனால் குரலை மட்டும் வைத்துக்கொண்டு பேனாவைக் கைவிடுகிறவருக்கு நஷ்டம் இரட்டிப்பு.

கண்ட்ரி பாடகி டாலி பார்ட்டனுக்கு இது தெரிந்திருந்தது. ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ 1974-ல் அவர் குரலில் முதலிடம் பிடித்த பிறகு, எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட விரும்பினார். யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் எல்விஸின் மேலாளர் பாட்டின் பதிப்பாளர் பங்கில் பாதி கேட்டார். பார்ட்டன் மறுத்துவிட்டார். அன்று இரவு அழுததாக அவரே சொல்லியிருக்கிறார். 1992-ல் விட்னி ஹூஸ்டன் அதே பாட்டைப் பாடி, அது அமெரிக்கத் தரவரிசையில் 14 வாரம் முதலிடத்தில் நின்றது. பாதியைக் கொடுத்திருந்தால் அதில் வந்த பதிப்பாளர் பணத்திலும் பாதி போயிருக்கும். பெரிய பெயர் கேட்கிறதே என்று பங்கைத் தூக்கிக் கொடுப்பதை விடக் கொடுமையான சறுக்கல் இந்தத் தொழிலில் இல்லை என்பது என் எண்ணம்.

பழைய ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 1978 முதல் எழுதிக் கொடுத்த உரிமைகளை, சுமார் 35 ஆண்டு கழித்துத் திரும்பக் கேட்க அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. அது தானாக நடக்காது. குறைந்தது இரண்டு ஆண்டுக்கு முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சம்பளத்துக்கு எழுதிக் கொடுத்த வேலைக்கு இது பொருந்தாது. ஆக, கையெழுத்திடும் நாளிலேயே தேதியைக் குறித்து வைக்கலாம்.

அடுத்தது கூட்டாக எழுதும்போது. நாஷ்விலில் இரண்டு மூன்று பேர் ஓர் அறையில் உட்கார்ந்து காலையில் தொடங்கி மாலைக்குள் ஒரு பாட்டை முடித்துவிடுவது வழக்கம். அறையில் இருந்தவர்களுக்குச் சமபங்கு என்பது ஊர் வழக்கம். நான்கு வரி சொன்னவருக்கும் நாற்பது வரி சொன்னவருக்கும் ஒன்றுதான். நியாயமா என்று கேட்டால் விவாதிக்கலாம், ஆனால் நட்பு கெடாது. பங்கை அன்றைக்கே தாளில் எழுதாமல் எழுந்து போவதுதான் பிழை. பாட்டு ஓடிய பிறகு எல்லோருடைய ஞாபகமும் அவரவருக்குச் சாதகமாக மாறிவிடும்.

பாட்டை வசூல் அமைப்புகளில் பதிவு செய்யாமல் விடுவது சோம்பேறித்தனத்தால் வருவது. வானொலிப் பணம், எழுதியவர்களுக்காக வசூலிக்கும் ஏஎஸ்சிஏபி, பிஎம்ஐ போன்ற அமைப்புகள் வழியாக வருகிறது. ஸ்ட்ரீமிங்கில் வரும் இன்னொரு பங்கை 2021 முதல் தனி அமைப்பு ஒன்று வசூலிக்கிறது. அது தொடங்கியபோது, யாருடையது என்று தெரியாமல் ஸ்ட்ரீமிங் நிறுவனங்களிடம் தேங்கிக் கிடந்து அதன் கைக்கு வந்த தொகை 42 கோடி டாலருக்கு மேல்.

முன்பணத்தைச் சம்பளமாக நினைப்பவர்களும் உண்டு. பாட்டின் பதிப்பாளர் நிறுவனம் மாதம் 2,000 டாலர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடத்தில் 72,000 டாலர். அவ்வளவும் உங்கள் ராயல்டியிலிருந்து கழிந்த பிறகுதான் முதல் காசு கைக்கு வரும்.

அவசரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கண்ட்ரி நட்சத்திரம் கார்த் புரூக்ஸ் 1985-ல் நாஷ்விலுக்கு வந்து ஒரே நாளில் ஊர் திரும்பினார்; 1987-ல் மறுபடி வந்தார்; முதல் ஆல்பம் 1989-ல். பாடகர் கிறிஸ் ஸ்டேபிள்டன் பத்து வருடத்துக்கு மேல் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, 2015-ல்தான் தன் பெயரில் முதல் ஆல்பம் போட்டார்.

கடைசியாக வரி. மறுபடியும் வில்லி நெல்சன்தான், என்ன செய்வது! ஆலோசகர்கள் பேச்சைக் கேட்டு வரி மிச்சப்படுத்தும் முதலீடுகளில் பணம் போட்டார். வரித்துறை அவற்றை ஏற்கவில்லை. 1990-ல் அதிகாரிகள் வந்து அவருடைய சொத்துகளை ஜப்தி செய்தார்கள். கட்ட வேண்டிய தொகை சுமார் 1 கோடியே 67 லட்சம் டாலர். கடனை அடைக்க அவர் தனியாக கிடாரோடு உட்கார்ந்து பாடிய ஒரு ஆல்பம் வெளிவந்தது. வரித்துறையின் பெயரே தலைப்பில் இருந்தது. 1993-ல் கணக்கு தீர்ந்தது. அந்த ஆல்பத்தில் இருந்தவை அவர் எழுதிய பழைய பாட்டுகள்.