வாஷிங்டன் அரசின் முன்னுதாரணங்கள்: எழுதும்போது சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் அரசு (1789–1797) பற்றிக் கட்டுரை எழுத வருபவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். தேதிப் பிழை, பெயர்ப் பிழையை யாரும் திருத்திவிடலாம். வாதத்தையே சாய்த்துவிடும் பிழைகளை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதலில் செய்ததெல்லாம் முன்னுதாரணம் என்று எழுதுவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது. மற்ற பிழைகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. ஒரு செயலை வாஷிங்டன் செய்தார் என்பதோடு நிறுத்தாதீர்கள். அடுத்தடுத்து அதிபரான ஆடம்ஸ் என்ன செய்தார், ஜெஃபர்சன் என்ன செய்தார் என்று அடுத்த வரியிலேயே எழுதிப் பாருங்கள். ஆண்டு உரையை வாஷிங்டனும் ஆடம்ஸும் காங்கிரஸுக்கு (அமெரிக்க நாடாளுமன்றம்) நேரில் போய் வாசித்தார்கள். ஜெஃபர்சன் 1801இல் எழுதி அனுப்பிவிட்டார். 1913இல் அதிபர் வில்சன் நேரில் போகும்வரை அதுவே வழக்கம். அந்த 112 ஆண்டுகளும் நிலைத்தது ஜெஃபர்சனின் வழி.

செய்து பார்த்துத் தோற்றதிலிருந்து மரபு பிறந்ததும் உண்டு. உடன்படிக்கை செய்ய, காங்கிரஸின் மேலவையான செனட்டின் 'ஆலோசனையும் ஒப்புதலும்' வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. ஆலோசனை என்றால் நேரில் போய்க் கேட்பது என்றே வாஷிங்டன் எடுத்துக்கொண்டார். 1789 ஆகஸ்ட் 22, சனிக்கிழமை, போர்த்துறைச் செயலர் நாக்ஸையும் கூட்டிக்கொண்டு நியூயார்க்கில் செனட் அவைக்குப் போனார். தெற்கிலிருந்த பழங்குடி மக்களோடு செய்யவிருந்த உடன்படிக்கை பற்றிய குறிப்பை, அப்போது துணை அதிபராகவும் அவைத் தலைவராகவும் இருந்த ஆடம்ஸ் வாசித்தார். தெருவில் வண்டிகள் ஓடிய இரைச்சலில் ஒரு வாக்கியம்கூடப் பிடிபடவில்லை என்று பென்சில்வேனியா உறுப்பினர் வில்லியம் மக்ளே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஜன்னலை மூடச் சொல்லிக் காவலாளுக்குச் சைகை காட்டினார்களாம். செனட் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் ஏழு. குழுவிடம் அனுப்பலாம் என்றார் செனட் உறுப்பினர் ராபர்ட் மோரிஸ். வாஷிங்டன் கோபத்தோடு எழுந்து, தான் வந்த நோக்கமே கெட்டுவிட்டது என்றார். திங்கட்கிழமை மறுபடி வந்து பதில்களைப் பெற்றுக்கொண்டார். அதன் பிறகு இப்படி ஆலோசனை கேட்க அவர் செனட்டுக்குப் போகவே இல்லை.

முதலில் பேசி முடித்துக் கையெழுத்திடுவது, பிறகு செனட்டின் ஒப்புதலுக்கு அனுப்புவது என்ற நடைமுறை வேர்விட்டது அதன் பிறகுதான். இதை எழுதாமல், 'வாஷிங்டன் தெளிவான திட்டத்தோடு மரபுகளை வகுத்தார்' என்று முடித்துவிடுகிறார்கள். அன்று இருந்த குழப்பமும் தடுமாற்றமும் கட்டுரையிலிருந்து காணாமல் போகின்றன.

ஓர் எச்சரிக்கை: செனட்டிலிருந்து வெளியேறும்போது 'இனி இங்கே வரவே மாட்டேன்' என்று அவர் சபித்ததாகச் சொல்வது பல ஆண்டுகள் கழித்துச் செவிவழியாக வந்தது. மேற்கோளாகப் போடாதீர்கள்.

அமைச்சரவையை அரசியலமைப்பில் தேடுவது

அங்கே இல்லை. துறைத் தலைவர்களிடம் எழுத்தில் கருத்துக் கேட்கலாம் என்பது மட்டுமே உண்டு. வாஷிங்டனும் தொடக்கத்தில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகவே கேட்டார். எல்லோரையும் சேர்த்து உட்காரவைத்த முதல் கூட்டம் 1791 நவம்பரில்.

எல்லாவற்றையும் வாஷிங்டன் கணக்கில் சேர்ப்பது

துறைத் தலைவரை அதிபர் தாமே நீக்கலாமா, செனட்டையும் கேட்க வேண்டுமா? அரசியலமைப்பில் பதில் இல்லை. 1789 கோடையில் காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபை இதை நாள்கணக்கில் விவாதித்தது. அதிபரே நீக்கலாம் என்று வாதாடியவர் அந்தச் சபை உறுப்பினர் மேடிசன். செனட்டில் வாக்குகள் சமமாகப் பிரிய, ஆடம்ஸின் வாக்குதான் முடிவைத் தந்தது. இந்த முன்னுதாரணத்தை உண்டாக்கியது காங்கிரஸ். 'மேதகு' பாணிப் பட்டங்கள் வேண்டும் என்ற செனட் குழுவின் யோசனையை மறுத்து, வெறும் 'அதிபர்' போதும் என்று உறுதியாக நின்றதும் பிரதிநிதிகள் சபைதான்.

விடைபெறும் உரையை மேடைப்பேச்சு என்பது

வாஷிங்டன் அதைப் பேசவே இல்லை. 1796 செப்டம்பர் 19 அன்று பிலடெல்பியா நாளிதழில் அச்சானது.

இரண்டு தவணையைக் கொள்கையாக்குவது

வாஷிங்டன் ஓய்வுக்கு ஏங்கினார். 1792லேயே விலக நினைத்து மேடிசனிடம் விடைபெறும் உரையின் வரைவு கேட்டார். தவணைக்கு வரம்பு வேண்டும் என்று 1796 உரையில் அவர் சொல்லவில்லை. அதைக் கொள்கையாக முன்வைத்தவர் ஜெஃபர்சன், 1807இல். 1940இல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மூன்றாம் முறை வென்றார். இரண்டு முறைக்கு மேல் யாரும் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்ற 22ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1951இல் அமலுக்கு வந்தது. சட்டம் என்ற சொல்லை 1951க்கு முன்னால் பயன்படுத்த வேண்டாம்.