ரவுணுக்கு நடந்து போய் அலுவல் முடிப்பது எப்படி

கல்வியங்காட்டிலிருந்து யாழ்ப்பாண ரவுணுக்கு ஏறக்குறைய 4 கிலோமீற்றர். அதை நான் நடந்தே போகிறேன். மகனின் மோட்டார் சைக்கிளுக்காகவும் ஓட்டோவுக்காகவும் வீட்டு வாசலில் காத்திருக்கிற என் வயதுப் பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஐந்தாறு அலுவலை ஒரே நடையில் பார்க்கலாம். ஆனால் அவற்றில் ஒன்றிரண்டு அன்றைக்குச் சரிவராது என்று எண்ணிக்கொண்டே வெளிக்கிட வேண்டும். அதற்கேற்றபடி வரிசையைப் போட்டால் கால் நடந்தது வீண்போகாது.

முதல் நாள் இரவே கலண்டரைப் பாருங்கள். போயா நாளில், அதாவது பௌர்ணமியில், அரசாங்க அலுவலகங்கள் பூட்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆத் தொழுகைக்காகப் பூட்டுகிற கடைகள் இருக்கின்றன. நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். நடக்கிறவர்களுக்கு அது வசதிதான், ஆனால் பூசை நேரத்துச் சனத்துக்குள் அகப்பட்டால் அரை மணித்தியாலம் போய்விடும்.

இனி வரிசை. கையெழுத்து வேண்டிய அலுவல் முதலில். கொடுத்துவிட்டுப் பிறகு எடுக்க வேண்டியவை அடுத்து: மூக்குக்கண்ணாடி, நகை, தையல். பாரமான சாமான் கடைசியில். வீட்டுக்குக் கிட்ட இருக்கிறதே என்று மிளகாய்த்தூளை முதலில் வாங்கினால் அது நாள் முழுக்க உங்கள் தோளில் தொங்கும்.

கையெழுத்து அலுவலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழம்புவது அதுதான். எங்கள் வீடுகளில் பாதி அலுவல் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்காக. கனடாவில் இருக்கிற தங்கச்சிக்குப் பிறப்புச் சான்றிதழின் பிரதி வேண்டும் என்று வையுங்கள். பதிவு இலக்கமும் பதிவு செய்த திகதியும் தெரிந்தால் பிரதேச செயலகத்தில் வேலை சுருக்கம். தெரியாவிட்டால் பதிவேட்டைத் தேட வேண்டும், நாளும் கூடும். அதனால் தங்கச்சியிடம் முதலே கேட்டு, பழைய பிரதியின் படத்தை வட்ஸ்அப்பில் எடுப்பித்து, அந்த இரண்டையும் ஒரு கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் அடையாள அட்டையும் அதன் போட்டோக் கொப்பி இரண்டும் பையில் இருக்கட்டும். பேனை கட்டாயம். கவுண்டரில் நூலில் கட்டியிருக்கிற பேனையை நம்ப வேண்டாம்.

அப்படி எல்லாம் கொண்டுபோயும் ஒருமுறை ஓர் அலுவலகத்தில், "ஐயா கொழும்புக்கு மீற்றிங்குக்குப் போட்டார் அம்மா, நாளைக்கு வாங்கோ" என்றார்கள். இந்த இடத்தில் கோபப்படுவதில் பிரயோசனம் இல்லை. "சரி, நாளைக்கு வாறன்" என்று திரும்பிவிடவும் வேண்டாம். மூன்று விடயம் கேளுங்கள். ஐயா இல்லாதபோது வேறு யார் கையெழுத்து வைக்கலாம்? விண்ணப்பத்தை இப்போதே பாரமெடுத்துப் பற்றுச்சீட்டுத் தருவீர்களா? வருமுன் எந்த இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம்? நான் கேட்டபோது அந்த அலுவலகத்தில் வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்து, விடுபட்ட ஒரு கட்டத்தை அங்கேயே நிரப்பச் சொல்லி, பற்றுச்சீட்டும் தந்தாள். கையெழுத்து அன்றைக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த முறை வரிசையில் நிற்கும் வேலை இல்லாமல் போனது. முகம் பார்த்துப் பொறுமையாகக் கேட்டால் உதவுகிறவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள் என்பதை நான் நம்புகிறேன்.

அடுத்து நகை. கன்னாதிட்டியிலோ கஸ்தூரியார் வீதியிலோ தோட்டுச் சுரை மாற்றவும் சங்கிலிக் கொளுவி பற்ற வைக்கவும் கொடுக்கிறதென்றால், உங்கள் கண் முன்னால் நிறுத்து, நிறையைச் சிட்டையில் எழுதி வாங்கிவிட்டுத்தான் கடையை விட்டு இறங்க வேண்டும். தெரிந்த கடை என்றாலும் அப்படித்தான். அவர்களும் அதைக் குறையாக எடுப்பதில்லை.

தையல் கடையில், "இன்னும் கை வைக்கேல்லை அக்கா, பின்னேரம் வாங்கோ" என்பார்கள். துணி வெட்டியாகிவிட்டதா என்று கேளுங்கள். வெட்டியிருந்தால் பின்னேரம் கிடைக்கும். வெட்டாவிட்டால் அன்றைக்கு அந்தச் சட்டையை மறந்துவிட்டு, வேறொரு நாளைப் பேசி முடிவாக்குங்கள்.

இடையில் இருக்க ஓர் இடம் வேண்டும். கூல்பாரில் ஒரு சர்பத்தோடு எவ்வளவு நேரம்தான் இருக்கலாம்? நான் பொது நூலகத்துக்குப் போய்விடுவேன். சந்தைப் பக்கமிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை. 1981 இல் வைத்த தீயில் 97,000 அளவான நூல்களும் ஏடுகளும் போன இடம் அது. திரும்ப எழும்பி நிற்கிறது. அங்கே பத்திரிகையோடு இருக்கிற அரை மணித்தியாலம் எனக்குப் பெரிசு. தையல் முடியாத நாளில் அந்த நேரம் கிடைக்கிறதே என்று சந்தோசப்பட்டிருக்கிறேன். காற்று வேண்டுமென்றால் கோட்டைப் பக்கம் பண்ணைக் கடலோரம். பின்னேரம் நாலரைக்கு முன்னம் அங்கே போகாதீர்கள், ஒதுங்க நிழல் இல்லை.

வெயிலை விளையாட்டாக எடுக்க வேண்டாம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் யாழ்ப்பாணத்தில் மத்தியானச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும்; மதிலோரம்கூட நிழல் விழாது. காலை ஏழுக்கு வெளிக்கிட்டு, பதினொன்றரைக்கும் மூன்றுக்கும் இடையில் கூரைக்குக் கீழ் இருக்கும்படி பாருங்கள். தண்ணீர் வீட்டிலிருந்து, குடை எந்த மாதமும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கடதாசிகளைப் பொலித்தீன் பைக்குள் வைத்துத்தான் பைக்குள் வைக்க வேண்டும். செருப்பு பழகியதாக இருக்கட்டும். புதுச் செருப்போடு வழியிலிருக்கிற முத்திரைச் சந்தி வரைக்கும் வருவதே பெரும்பாடு.

கடைசியாகச் சந்தை. தங்கச்சியின் பார்சலுக்கு ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கு மா), புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), பனங்கட்டிக் குட்டான் (ஓலைப் பெட்டியில் வருகிற பனைவெல்லம்) எல்லாம் நவீன சந்தையில் எடுக்கலாம். புழுக்கொடியலை முறித்துப் பாருங்கள், சடக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் ஈரம், கனடா போய்ச் சேருமுன் பூஞ்சணம் பிடிக்கும். ஒடியல் மாவை மணந்து பாருங்கள். நல்லதாக இல்லாவிட்டால் வாங்காமல் வாருங்கள், பார்சல் ஒரு கிழமை பிந்தினால் ஒன்றும் ஆகாது.

சாமான் கையில் வந்த பிறகு நடக்கத் தேவையில்லை. பஸ் நிலையம் கிட்டத்தான், பருத்தித்துறை வீதியால் போகிற பஸ்ஸா என்று மட்டும் கேட்டு ஏறுங்கள். ஓட்டோ என்றால் ஏறுமுன் காசைப் பேசிவிடுங்கள். வீட்டுக்கு வந்து காலைக் கழுவிவிட்டு, படுக்குமுன், முடியாத அலுவல்களையும் யாரிடம் எந்த நாள் கேட்பது என்பதையும் பற்றுச்சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.