பாண்டாஸ்ல (பைத்தான்ல டேபிள் கணக்கு போடற லைப்ரரி) ஒரு காலம் (column, நெடுவரிசை) முழுக்க ஒரே தொகையைக் கூட்டுறது எப்படி

ஏற்காட்டு எஸ்டேட்டுல இருந்து காப்பிக்கொட்டை மூட்டை சேலத்துக்கு இறங்குது, மூட்டை ரேட் எல்லாம் ஒரு சிஎஸ்வி ஃபைல்ல இருக்கு, ஏத்துகூலி லாரி வாடகைன்னு மூட்டைக்கு ஒரு பேச்சுக்கு 140 ரூவா கூட்டணும்னு வைங்க. ஃபைலை கணக்குங்கற பேர்ல டேட்டாஃப்ரேமா (பாண்டாஸோட டேபிள்) படிச்சாச்சுன்னா இந்த ஒரு வரி போதும்:

கணக்கு['அடக்கம்'] = கணக்கு['ரேட்'] + 140

ஃபார் லூப் வேண்டாம், அப்ளை லாம்டான்னு சுத்தி வளைக்கவும் வேண்டாம், அதுவும் ஓடும்தான் ஆனா ரோ ஜாஸ்தியானா இழுக்கும். பைத்தான் 3ல வேரியபிள் பேரை தமிழ்லயே வைக்கலாங்க, மேல இருக்கற வரி அப்படியே ஓடும், பாண்டாஸ் ஃபங்ஷன் பேரு, import மாதிரி பைத்தானோட சொந்த வார்த்தை இதெல்லாம்தான் இங்கிலீஷ் எழுத்துல அடிச்சாகணும்.

சில பேர் கணக்கு['ரேட்'] += 140 னு பழைய காலம் மேலயே கூட்டுவாங்க. ஜுபிடர் நோட்புக்ல அந்த செல்லை (கோடு எழுதற கட்டத்தை) மறுபடி ரன் பண்ணா இன்னொரு 140 ஏறிடும், எரர் ஒண்ணும் வராது, அதனால என்னைக் கேட்டா புது காலம்தான் நல்லது.

டைப் எரர் வந்துச்சுன்னா ரேட் காலம் நம்பராவே இல்ல, எழுத்தா இருக்குன்னு அர்த்தம். பெரும்பாலும் 12,500 னு கமா போட்டு டைப் பண்ணிருப்பாங்க. ஃபைலைப் படிக்கற ரீட் சிஎஸ்விலயே (read_csv) தௌசண்ட்ஸ்ங்கற (thousands) ஆப்ஷனுக்கு ',' குடுத்துட்டா சரியாயிடும். எரரைப் பாத்துட்டு அவசரத்துல 140ஐ மேற்கோளுக்குள்ள போட்டுடாதீங்க, அப்ப எரர் போயிடும், ஆனா 12,500 பக்கத்துல 140 ஒட்டிக்கிட்டு 12,500140 னு நிக்கும்!

ரேட் எழுதாம விட்ட ரோவுல கூட்டினாலும் காலியாத்தான் (நேன், NaN) வரும். அங்க ஃபில்என்ஏ (fillna, காலி இடத்தை நிரப்பற ஃபங்ஷன்) போட்டு 0 ஆக்கிட்டு கூட்டச் சொல்லி நிறைய பேர் சொல்றாங்க, இந்தக் கணக்குக்கு அது தப்பு, ரேட்டே தெரியாத மூட்டைக்கு அடக்கம் வெறும் 140ன்னு காட்டும், காலியாவே விட்டுட்டு எஸ்டேட்டுல கேட்டு நிரப்புங்க.

குப்பனூர் ரோடு வழியா வர்ற மூட்டைக்கு மட்டும் இன்னும் 60 சேர்க்கணுமா, லாக் (.loc) யூஸ் பண்ணுங்க: கணக்கு.loc போட்டு சதுர அடைப்புக்குள்ள முதல்ல கணக்கு['வழி'] == 'குப்பனூர்', அப்புறம் கமா, அப்புறம் 'அடக்கம்', வெளிய += 60. முதல்ல ஃபில்டர் பண்ணி அதுக்குப் பின்னாடி தனியா இன்னொரு அடைப்புல காலம் பேரு போட்டா கூட்டினது நகல்லயே நின்னுடும், ஒரிஜினல்ல பைசா ஏறாது.