பிராடோவுக்குப் பழைய பின் அக்சல் வாங்கப் போகிறவர்களுக்கு

வாடகைக்கு ஓடும் என்னுடைய 2005 ஆம் ஆண்டு டொயோட்டா பிராடோவுக்கு, பின்சக்கரங்களைத் தாங்கிச் சுழற்றும் பின் அக்சலை இரண்டு தடவை வாங்கியிருக்கிறேன். முதல் தடவை வாங்கியது வண்டிக்குப் பொருந்தாதது. அந்தச் செலவும் அலைச்சலும் இன்னொருவருக்கு வரக் கூடாது.

முழு அக்சலும் தேவையா என்பதை முதலில் பாருங்கள். ஓடும்போது கேட்கும் இரைச்சல், ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெல்ல அசைக்கையில் கூடிக் குறைந்தால் பழுது பெரும்பாலும் சக்கரத்துப் பேரிங்கில்தான். அக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு சத்தமும் காலை எடுக்கும்போது வேறு சத்தமும் வந்தால் அக்சலின் நடுவே ஒன்றையொன்று சுற்றும் பல்சக்கரச் சோடியான கிரவுன் பினியனைச் சந்தேகிக்கலாம். பேரிங் மட்டும் என்றால் அந்தப் பக்கத்து ஷாஃப்டைக் கழற்றி, பேரிங்கையும் ஒயில் சீலையும் மாற்றினால் முடிந்தது. எனக்கு அந்தக் கொடுப்பினை இருக்கவில்லை. மார்கழி மழையில் மட்டக்களப்பின் வவுணதீவுப் பக்கம் வெள்ளம் மூடிய குழியொன்றில் பின்சக்கரம் இறங்கி அக்சலின் வெளிக்கூடான ஹவுசிங்கே வளைந்துவிட்டது.

கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போனால் ஜப்பானிலிருந்து வெட்டி இறக்கிய அக்சல்கள் வரிசையாகக் கிடக்கும். "அதே மாடல்தான், கண்ணை மூடிக்கொண்டு பூட்டலாம்" என்று ஒரு கடையில் சொன்னார்கள். நானும் நம்பினேன். ஆனால் ஒரே மாடல் பிராடோவே ஒன்றுக்கு மேற்பட்ட ரேஷியோவில், அதாவது கிரவுன், பினியன் பற்களின் விகிதத்தில், வந்திருக்கிறது. என் வண்டியில் இருந்தது 43க்கு 11 பல், அதாவது 3.909. வாங்கி வந்தது 41க்கு 10, அதாவது 4.100. பிராடோவில் முன்னும் பின்னும் எப்போதும் சேர்ந்தே இழுக்கும். அந்த வித்தியாசத்தில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பின் அக்சலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட் முன்னதைவிட ஏறக்குறைய 80 சுற்று கூடுதலாகச் சுற்றும். அத்தனையையும், முன் பின் சுற்று வித்தியாசத்தை ஈடுசெய்யும் நடு டிஃபரென்ஷல்தான் தாங்க வேண்டும். அந்த டிஃபரென்ஷலை லொக் போட்டு ஓட்டினால் கியர் பெட்டியே உடையலாம்.

ஆகவே செசி இலக்கம் உள்ள தகட்டைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ரேஷியோவைக் காட்டும் அக்சல் குறியீடும் அதில்தான் இருக்கிறது. அதோடு நின்றுவிடாமல் கடையிலேயே எண்ணிப் பாருங்கள். இந்த வித்தையை எனக்குக் காட்டியவர் காத்தான்குடியில் கராஜ் வைத்திருக்கும் காக்கா (அண்ணன்) ஒருவர். "தம்பி, வாய் சொல்லும் கணக்கை விடுங்கள், பல் சொல்லும் கணக்கைப் பாருங்கள்" என்றார். அக்சலை இரண்டு மரக்கட்டைகளில் தூக்கி வைத்தார். புரொபெல்லர் ஷாஃப்ட் பூட்டும் பினியன் ஃபிளேஞ்சில் சோக்கால் ஒரு கோடு, அதற்கு நேரே ஹவுசிங்கில் ஒரு கோடு. ஒரு பக்கத்துச் சக்கரப் பொல்ட்டுகளுக்கு நடுவே கம்பியைக் கொடுத்து நான் அசையாமல் பிடித்துக்கொண்டேன். மறுபக்கத்தை அவர் 20 சுற்றுச் சுற்றினார். ஒரு பக்கம் அசையாதபோது அது உள்ளே கிரவுனின் 10 சுற்றுக்குச் சமம். பினியன் கோடு 39 தடவை வந்து, இன்னும் சற்று நகர்ந்து நின்றது. அது எனக்கு உரிய அக்சல். 41இல் நின்றிருந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்போம். ஒரு பக்கத்தைப் பிடித்தால் மறுபக்கமும் சுற்ற மறுக்கிறது என்றால் அது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலுவதைக் கட்டுப்படுத்தும் லிமிட்டெட் ஸ்லிப் வகையாக இருக்கலாம். அப்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்து 10 சுற்றுச் சுற்ற வேண்டும்.

அடுத்தது ஒயில். ஒயில் வடிக்கும் கீழ்ப் பொல்ட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அதிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மெல்லிதாக ஒட்டியிருப்பது வழமை. நகத்தில் சுரண்டி எடுக்கக்கூடிய இரும்புச் செதில் இருந்தாலோ, ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தாலோ விலை பேசவே வேண்டாம். ஒயிலை ஏற்கெனவே வடித்துவிட்டோம் என்று கடைக்காரர் சொன்னால், பின்மூடியைத் திறந்து பார்க்க முடியாது, ஏனென்றால் இதில் டிஃப் (உள்ளேயுள்ள டிஃபரென்ஷல் தொகுதி) முன்பக்கமாகத்தான் கழலும். அதனால் நிரப்பும் துளைக்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். ஜப்பானில் பனி விழும் ஊர்களில் வீதிக்கு உப்புத் தூவுவார்கள். அங்கே ஓடிய வண்டியின் ஹவுசிங்கில் துரு செதில் செதிலாக ஏறியிருக்கும். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் ஸ்பிரிங் உட்காரும் இடங்களைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள்.

டிஃப் லொக் மோட்டார், ஏபிஎஸ் சென்சர், காற்றுப்பை சஸ்பென்ஷனா சாதாரண ஸ்பிரிங்கா என்பவையும் ஒத்துப்போக வேண்டும். பில்லில் ரேஷியோவையும் திருப்பிக் கொடுக்கக்கூடிய கடைசித் திகதியையும் எழுதி வாங்குங்கள். முதல் தடவை என்னிடம் அப்படி ஒரு வரிகூட இருக்கவில்லை. கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

பூட்டுவதற்கு முன் ஒயில் சீல்களைப் புதிதாகப் போடுங்கள். பழைய ஒயிலை வடிக்கும் முன் ஒயில் நிரப்பும் மேல் பொல்ட் கழலுகிறதா என்று பாருங்கள், இறுகிப்போயிருந்தால் புது ஒயில் ஊற்ற வழியிருக்காது. ஹவுசிங்கின் மேலுள்ள காற்றுக் குழாயையும் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். அது அடைபட்டால், சூடான அக்சல் வெள்ளத்தில் இறங்கிக் குளிரும்போது சீல் வழியே தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்கு மாரியிலும் ஓடுகிறவர்கள் அந்தக் குழாயை உயரமாக நீட்டிக் கட்டிக்கொள்வது நல்லது. நான் 500 கிலோமீட்டர் ஓடியதும் ஒயிலை ஒரு தடவை வடித்துக் காந்தத்தைப் பார்த்தேன். பசை மட்டுமே இருந்தது.